கணிப்பொறிப் பணியும் நம் பிள்ளைகளும்
(கழகத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



'கல்வியின் சிறப்பு' என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்திருந்தனர். கல்வியின் சிறப்பை நம் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய காலம் கடந்துவிட்டது என்று கருதுகிறோம். காதுத் தோட்டை அடகு வைத்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய தாய் இந்தப் பந்தலிலேயே அமர்ந்திருக்கிறார். அவருக்குக் கல்வியின் சிறப்பை நாம் என்ன சொல்வது? படித்து முடித்த பிள்ளை எங்கே போவது என்பதுதான் இன்று அவர் நம்மிடம் கேட்கும் கேள்வி. ஆகவே குழுவினரின் இசைவோடு தலைப்பை மாற்றிக்கொண்டோம். கணிப்பொறி நிறுவனம், கணிப்பொறி நிறுவனம் என்கிறார்களே, அங்கே நடப்பதுதான் என்ன? அதில் நமக்கு இடம் உண்டா? இல்லையெனில் தடுப்பது எது? இவற்றைப் பற்றி மட்டும் இன்று பேசக் கருதுகிறோம்.

முன்னதாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் வரலாறு படித்த இளங்கலைப் பட்டதாரி, பிறகு பி.எட். முடித்து ஆசிரியப் பணிக்கு வந்தோம். கணிப்பொறி நம் பாடமன்று. பள்ளி அலுவலகத்துக் கணிப்பொறி முரண்டு பிடித்தால் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை அழைத்தே சரி செய்துகொள்கிறோம். நாம் சொல்லப்போவன யாவும் நம்மிடம் படித்து அத்துறைக்குச் சென்றவர்களிடமும், செல்ல முயன்று திரும்பியவர்களிடமும் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்தவை.

நம் ஊர்க் கதையிலிருந்து தொடங்குவோம். புதுச்சேரியில் மூன்று தலைமுறைக்குச் சோறிட்டவை பஞ்சாலைகள். 1898இல் தோன்றிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையின் சங்கொலிதான் நம் குடியிருப்புகளுக்குக் கடிகாரமாக இருந்தது. 1936ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு இரையாயினர். எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை அந்த இரத்தத்தில் விளைந்தது. பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டன்மார் கௌரவமாகச் சம்பளம் வாங்கிய இடம் அதுவே. அந்த ஆலையும், சுதேசி, பாரதி ஆலைகளும் 2020ஆம் ஆண்டோடு மூடப்பட்டுவிட்டன. இன்று அந்த மதில் ஓரமாக நடந்து போகும் இளைஞனுக்கு உள்ளே என்ன இருந்தது என்பதே தெரியாது.

ஆலை போனபின் எஞ்சியது அரசுப் பணி. அரசுப் பணியை நாம் குறைத்துப் பேசமாட்டோம். நாமே அந்தச் சோற்றைத்தான் உண்கிறோம். இடஒதுக்கீடு என்னும் உரிமை இல்லையெனில் இந்த ஒலிபெருக்கியின் முன் நாம் நின்றிருக்க இயலாது. ஆயினும் ஒரு சிறிய ஒன்றியப் பகுதியில் எத்தனை நாற்காலிகள் இருக்க முடியும்? அதிலும் 1964ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை வைத்து எழும் பூர்வீகச் சான்றிதழ்ச் சிக்கலை இங்குள்ளோர் அனைவரும் அறிவீர்கள். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பிற்காலத்தில் வந்து குடியேறிய நம் உறவினர் குடும்பங்களுக்கு, ஒரே தெருவில் வாழ்ந்தும், அந்த வாயில் எளிதில் திறப்பதில்லை. அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே.

கணிப்பொறி நம் ஊருக்குப் புதியதன்று. ஒரு காலத்தில் வரிச் சலுகையை நாடி எச்.சி.எல்., விப்ரோ போன்ற நிறுவனங்கள் புதுச்சேரியில் ஆலை அமைத்துக் கணிப்பொறிப் பெட்டிகளைப் பூட்டி அனுப்பின. லெனோவா நிறுவனமும் இங்கே ஆலை வைத்தது. நாடெங்கும் அலுவலகங்களில் இருந்த பெட்டிகளின் முதுகில் நம் ஊர்ப் பெயர் ஒட்டப்பட்டிருந்தது. நம் பெண்மக்கள் சிலர் அங்கே திருகாணி முடுக்கும் வேலையும், பெட்டியில் அடுக்கும் வேலையும் செய்தனர். ஒப்பந்தக் கூலிதான். பெட்டி செய்வது வேறு, அப்பெட்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று கட்டளை எழுதுவது வேறு என்பதை அப்போது நாம் உணரவில்லை. பெட்டியின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிற்று. கட்டளை எழுதுவோர் சம்பளம் ஏறிற்று.

அந்தக் கட்டளை எழுதும் தொழிலை நம் நாட்டில் பெருந்தொழிலாக்கிய நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ், சுருக்கமாக டி.சி.எஸ். 1968ஆம் ஆண்டு பம்பாயில் டாட்டா சன்சின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. மறு ஆண்டு அதற்குத் தலைமையேற்க வந்தவர் எஃப். சி. கோலி, பெஷாவரில் பிறந்தவர், மின்பொறியாளர். மின்சார நிறுவனத்திலிருந்து அரை மனத்தோடுதான் வந்தார் என்பர். 2020இல் தொண்ணூற்றாறு வயதில் மறைந்தார்.

தொடக்கத்தில் அவர்கள் செய்த வேலை என்ன தெரியுமா? டாட்டா எஃகு ஆலைக்குத் துளை அட்டைகளில் கணக்கு எழுதித் தந்தனர். பிறகு சென்ட்ரல் வங்கிக்கு ஒரு வேலை. இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் இத்தொழிலின் உயிர்நாடி இதில் இருக்கிறது. கடலூர்க் கிளையில் ஒருவர் பணம் கட்டி வரைவோலை வாங்குகிறார். புதுச்சேரிக் கிளையில் அதைக் கொடுத்துப் பணம் பெறுகிறார். கடலூர் ஏட்டில் வரவு. புதுச்சேரி ஏட்டில் பற்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு கிளைகள் எனில் ஓர் எழுத்தர் ஒரு மாலையில் சரிபார்த்துவிடுவார். நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான கிளைகள், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் கொடுக்கல் வாங்கல் செய்தால்? மாதக் கணக்கில், சில வேளை ஆண்டுக் கணக்கில், பொருந்தாத இனங்கள் தேங்கும். தேங்கிய இடத்தில் பிழையும் ஒளியும், திருட்டும் ஒளியும். அந்தப் பொருத்தம் பார்க்கும் வேலையைக் கணிப்பொறி செய்யும்படி கட்டளை எழுதித் தந்தார்கள். வங்கிக்கு வங்கித் தொழில் தெரியும், கணிப்பொறி தெரியாது. இவர்களுக்குக் கணிப்பொறி தெரியும். வங்கித் தொழிலை உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இப்படிப் பிறர் தொழிலைக் கேட்டறிந்து அதைக் கணிப்பொறிக்குப் புரியும்படி எழுதித் தருவதுதான் தகவல் தொழில்நுட்பச் சேவை என்பது. இன்று வங்கி, நாளை விமானக் குழுமம், அதற்கடுத்த நாள் மருத்துவமனை, துணிக்கடை, காப்பீடு, மின்வாரியம் என்று வாடிக்கையாளர் மாறுவர். வேலையின் இயல்பு மாறாது.

அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு கணிப்பொறியை இறக்குமதி செய்வதென்றால் அதற்கு ஈடாக அந்நியச் செலாவணி ஈட்டித் தருவோம் என்று அரசுக்கு உறுதி அளிக்க வேண்டும். அந்தக் கட்டாயமே 1974 அளவில் பர்ரோஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து வெளிநாட்டு வேலையைத் தேடும்படி இவர்களைத் தூண்டியது. தடையாக வந்த விதி வழியாக மாறிய கதை இது. 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகெங்கும் பழைய கணிப்பொறிகள் ஆண்டின் கடைசி இரண்டு எண்களை மட்டுமே குறித்து வைத்திருந்ததால் 1900க்கும் 2000க்கும் வேறுபாடு தெரியாமல் தடுமாறும் நிலை வந்தது. அதைத் திருத்தும் வேலை கோடிக்கணக்கான வரிகளாக இந்தியாவுக்கு வந்தது. சென்னையில் அதை ஆலை வேலை போலவே பிரித்துக் கொடுத்துச் செய்தார்கள். 2004இல் இந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. 2025 மார்ச்சு முடிய அதில் 6 இலட்சத்து 7 ஆயிரம் பேருக்கு மேல் பணியாற்றினர். மூவரில் ஒருவருக்கு மேல் பெண்கள். அவ்வாண்டு வருவாய் 3,000 கோடி டாலரைத் தாண்டியது.

நீங்கள் நேரில் கண்ட சான்று ஒன்றும் உண்டு. கடவுச்சீட்டு வாங்கச் சென்றவர்கள் நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் பிரான்சுக்குப் போகும் உறவில்லாத தெரு ஏது? கடவுச்சீட்டுச் சேவை மையத்தில் முதலில் 'ஏ' முகப்பு. அங்கே நிழற்படம் எடுப்பவரும், விரல் ரேகை பதிப்பவரும், தாள்களைப் படியெடுப்பவரும் டி.சி.எஸ். பணியாளர்கள். அடுத்த 'பி', 'சி' முகப்புகளில் தாள்களைச் சரிபார்ப்பவரும், வழங்கலாம் என்று முடிவு செய்பவரும் அரசு அலுவலர்கள். 2008இல் வெளியுறவு அமைச்சகம் அவர்களோடு ஒப்பந்தம் செய்தது. 2010இல் பெங்களூரில் முதல் மையங்கள் திறந்தன. முன்பு அந்த 'ஏ' முகப்பு வேலையும் அரசு எழுத்தரின் வேலையாகவே இருந்தது. அந்த எழுத்தர் பணியில் நமக்கு ஒதுக்கீடு இருந்தது. இன்று அந்த நாற்காலிக்கு ஒதுக்கீடு இல்லை. அரசுப் பணியே மெல்ல மெல்லக் கணிப்பொறி நிறுவனத்தின் பணியாக உருமாறிக்கொண்டிருக்கும்போது, நமக்கு அரசுப் பணியே போதும் என்று ஒதுங்கி நிற்பது எங்ஙனம் பொருந்தும்?

இந்நிறுவனத்தின் தலைமைக்கு 2009இல் வந்த நடராசன் சந்திரசேகரன் நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்தவர். அவ்வூர் அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்தவர். கோவையில் பட்டம் பெற்றுத் திருச்சியில் எம்.சி.ஏ. முடித்து 1987இல் சாதாரணப் பணியாளராகச் சேர்ந்தார். 2017 முதல் டாட்டா சன்சின் தலைவர். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்கள் எல்லோரும் மேடையில் சொல்லும் கதை இது. நாமும் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அவங்க வீட்டுல நிலம் இருந்துச்சா சார்?" என்று கேட்டாள். இருந்தது என்றோம். அமர்ந்துவிட்டாள். தமிழ்வழிக் கல்வி தடையாகாது என்பதற்கு அவர் சான்று. நிலமும் இல்லாத, பட்டதாரி ஒருவரும் இல்லாத வீட்டிலிருந்து வருபவர்க்கு வழியில் வேறு தடைகளும் உண்டு என்பதற்கு அவர் கதை மறுப்பாகாது. அந்தத் தடைகளைத்தான் இனிப் பேச வேண்டும்.

முதல் தடை மிகச் சிறியதாகத் தோன்றும். கல்லூரி மாணவரைச் சேர்க்க டி.சி.எஸ். வெளியிட்ட அறிவிப்புகளில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஒவ்வொன்றிலும் 60 விழுக்காடு கேட்கப்பட்டது. படிப்பில் விழுந்த இடைவெளி இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் இருந்தது. பிற பெருநிறுவனங்களிலும் இதை ஒத்த விதிகளே. இதை நம் பெற்றோர் கவனிக்க வேண்டும். பட்டப்படிப்பில் எண்பது வாங்கினாலும் பத்தாம் வகுப்பில் ஐம்பத்தெட்டு வாங்கியவன் வாயிலிலேயே நிறுத்தப்படுவான். பத்தாம் வகுப்பில் அவன் ஐம்பத்தெட்டு வாங்கிய ஆண்டு அவன் வீட்டில் என்ன நடந்தது என்று எந்த விண்ணப்பமும் கேட்பதில்லை. அரசுத் தேர்வில் நமக்கு வயதுத் தளர்வு உண்டு. இங்கே தளர்வு என்னும் சொல்லே கிடையாது.

இந்த இடைவெளி விதியைப் பற்றி நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம்மிடம் படித்த மாணவன், இதே குடியிருப்பு, கணிதத்தில் கூர்மையானவன். பி.எஸ்ஸி. முடித்த ஆண்டே ஒரு கணிப்பொறி நிறுவனத்திலிருந்து அழைப்புக் கடிதம் வந்தது. சம்பளம் மிகக் குறைவு. சென்னையில் அறை எடுத்துத் தங்க வேண்டும். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்தான். நாம் என்ன சொன்னோம்? "தம்பி, இது நிலையில்லாத வேலை. எழுத்தர் தேர்வு வரப்போகிறது. ஓர் ஆண்டு பொறு" என்றோம். அவன் தந்தையும் நம் சொல்லை வேதமாகக் கொண்டார். அந்தத் தேர்வு அவ்வாண்டு வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. ஐந்து ஆண்டுகள் போயின. பிறகு அவன் கணிப்பொறி நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தபோது இடைவெளியைக் காட்டி எல்லோரும் திருப்பினர். இன்று ஒரு துணிக்கடையில் சிட்டை எழுதுகிறான். தெருவில் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்கி, "நல்லா இருக்கீங்களா சார்" என்பான். ஒருமுறை நாமே அந்தப் பேச்சை எடுத்தோம். "நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க சார்" என்றான். அவன் நம்மைத் திட்டியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். அறியாத துறையைப் பற்றி அறிந்தவர்போல் அறிவுரை சொல்லும் பழக்கம் ஆசிரியர்களுக்கு உண்டு. இன்றைய உரையை நாம் ஏற்றுக்கொண்டதே அந்த மாணவன் பொருட்டுத்தான்.

இரண்டாம் தடை பெயரும் முகவரியும். இதை உணர்ச்சியாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்வோம். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்னும் அறிஞர் இருவர் ஓர் ஆய்வு செய்தனர். நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினர். பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதியைக் காட்டும் பெயர். ஒன்றில் தலித் பெயர். ஒன்றில் முசுலிம் பெயர். 66 வாரங்கள், 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு ஒன்று எனில் தலித் பெயருக்கு 0.67தான். 2007 அக்டோபரில் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் இது வெளிவந்தது. அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்காவும் காதரின் நியூமனும் தில்லியில் பெருநிறுவனங்களின் பணியமர்த்தும் மேலாளர்களைக் கண்டு பேசினர். சாதி பார்ப்பதில்லை, தகுதியே பார்க்கிறோம் என்ற அதே மேலாளர்கள், 'குடும்பப் பின்னணி' பற்றி நேர்முகத்தில் கேட்பதாகவும் கூறினர்.

தமிழர்க்குச் சாதிப் பட்டம் பெயரில் இல்லை. அந்த மட்டில் நாம் தப்பித்தோம் எனலாம். ஆனால் தந்தை என்ன வேலை செய்கிறார், எந்தத் தெரு, ஊரா காலனியா என்னும் கேள்விகள் பட்டத்தின் வேலையைச் செய்துவிடும்.

பெயரை வைத்து வாழ்வு மாறுவது நம் ஊருக்கு நன்கு தெரிந்ததே. பிரெஞ்சுக்காரர் காலத்தில் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்தில் நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிசு வரை வழக்காடி வென்றார். அவர் முன்னின்ற இயக்கத்தின் விளைவாக 1881இல் ஓர் ஆணை வந்தது. பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர் புதுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ளலாம். பொன்னுத்தம்பி 'லபோர்த்' ஆனார். ஒடுக்கப்பட்ட நம் முன்னோர் பலரும் அவ்வாறே பெயர் மாற்றிக்கொண்டு, படையிலும் அலுவலகங்களிலும் சேர்ந்து சைகோன் வரை கப்பலேறினர். பெயரை மாற்றியதால் அவர்கள் அறிவு கூடிவிடவில்லை. அதற்கு முன்பு மறிக்கப்பட்டிருந்த வாயில் திறந்தது, அவ்வளவே. கடல் கடந்தாலும் சாதி சில வேளை கூடவே கப்பலேறும் என்பதும் உண்மை. அமெரிக்காவில் சிஸ்கோ நிறுவனத்தில் சாதிப் பாகுபாடு நடந்ததாகக் கலிபோர்னியா மாநில அரசுத் துறை 2020இல் வழக்குத் தொடுத்தது. இரு மேலாளர்கள் மீதான வழக்கை 2023இல் அத்துறையே விலக்கிக்கொண்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அந்நாட்டில் அத்தகைய சட்டம் கண்ட முதல் நகரம் அதுவே. இதைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். அச்சுறுத்துவதற்காக அல்ல, அப்படி ஒன்று நடந்தால் தன் தகுதிக் குறைவே காரணம் என்று அவர்கள் எண்ணி நொந்துவிடாமல் இருப்பதற்காக.

தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீடு வேண்டும் என்பது நம் நெடுநாளைய கோரிக்கை. 2006இல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தொழிலதிபர்களிடம் இதைப் பற்றிப் பேசினார். ஜே. ஜே. இரானி தலைமையில் தொழிற்கூட்டமைப்பினர் ஒரு குழு அமைத்து, சட்டம் வேண்டா, நாங்களாகவே செய்கிறோம் என்றனர். டாட்டா நிறுவனங்களும் வேலை, வேலைக்கான பயிற்சி, கல்வி, தொழில்முனைவு என நான்கு வகையில் பட்டியல் இனத்தவர்க்கென ஒரு திட்டம் வகுத்தன. டி.சி.எஸ். கிராமப்புற இளைஞர்க்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தியது. அதனால் பயன் பெற்றவர் உண்டு. நன்றி மறப்பது முறையன்று. ஆயினும் விருப்பத்தால் கொடுப்பது வேறு, சட்டத்தால் கேட்பது வேறு. விரும்பாத ஆண்டில் கொடுப்பவர் கையை மூடிக்கொண்டால் நாம் எந்த நீதிமன்றத்துக்குப் போவது? கோரிக்கையைக் கைவிடாமலேயே, கிடைக்கும் பயிற்சியையும் விடாமல் பெறுவதே முறை.

பொறியியல் படித்தால்தான் இத்துறை என்று நம்மில் பலர் எண்ணி, தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்கிக் கட்டுகின்றனர். அது தேவையில்லை. எச்.சி.எல். 2017 அளவில் 'டெக்பீ' என்னும் திட்டத்தைத் தொடங்கி, கணிதத்தோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரையே பயிற்றி வேலையும் கொடுத்து, வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கவும் வழி செய்தது. பயிற்சிக் கட்டணம் எவ்வளவு, நிபந்தனை என்ன என்பதைச் சேருமுன் எழுத்தில் கேட்டறிக. விப்ரோ, பி.சி.ஏ., பி.எஸ்ஸி. முடித்தவரைச் சேர்த்து மேற்படிப்புக்கும் வழி செய்தது. சென்னையிலும் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் கண்ட சோஹோ நிறுவனமோ, 2005 முதல் பள்ளி நடத்திக் கட்டணமின்றி உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுகிறது. இவற்றுள் எதுவும் பட்டியல் இனத்தவர்க்கெனத் தனியே அமைந்ததன்று. தேர்வு எழுதி நுழைய வேண்டும். அந்தத் தேர்வில் இருப்பவை எளிய கணிதம், ஆங்கிலம் படித்துப் பொருள் உணர்தல், தர்க்கம் ஆகியவையே. எட்டாம் வகுப்புக் கணக்கு உறுதியாக இருந்தால் பாதித் தேர்வு முடிந்தது. அந்த எட்டாம் வகுப்புக் கணக்குத்தான் உறுதியாக இல்லை என்பதை இருபத்தெட்டு ஆண்டு ஆசிரியப் பணியில் கண்ட உண்மையாகச் சொல்கிறோம்.

ஆங்கிலம் பற்றிக் கவலை வேண்டா என்று சொல்லமாட்டோம், கவலைப்பட வேண்டும். 2024-25 முதல் நம் அரசுப் பள்ளிகள் மத்தியக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறியுள்ளன. நூல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. நாக்கு இன்னும் வரவில்லை. ஆங்கிலத்தோடு இன்னொன்றும் நம் கையருகே இருக்கிறது. டி.சி.எஸ். 2013இல் பிரான்சு நாட்டின் அல்ட்டி என்னும் நிறுவனத்தை ஏழரைக் கோடி யூரோ கொடுத்து வாங்கிற்று. அங்குள்ள வாடிக்கையாளரோடு பிரெஞ்சில் பேசி எழுதும் ஆட்கள் தேவை. பிரெஞ்சு மொழியை வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் புதுச்சேரியைத் தவிர இந்நாட்டில் வேறெங்கே இத்தனை பேர் உள்ளனர்? ஓய்வூதியம் வாங்கும் நம் சொல்தா தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் அந்த மொழியைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவது வீண்.

இத்துறையில் எல்லாம் தேன் என்றும் எண்ண வேண்டா. ஒருவரின் ஒரு மணி நேர உழைப்புக்கு இவ்வளவு டாலர் என்று வாடிக்கையாளரிடம் கணக்கெழுதும் தொழில் இது. வேலை வராத நாளில் பணியாளரைக் காத்திருக்க வைப்பர். அதற்குப் 'பெஞ்சு' என்று பெயர். பெஞ்சில் நெடுநாள் இருந்தால் ஆபத்து. செயற்கை நுண்ணறிவு வந்தபின், கட்டளை எழுதும் எளிய வேலையை இயந்திரமே செய்யத் தொடங்கியுள்ளது. டி.சி.எஸ்.ஸே 2025 சூலையில் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இதைக் கேட்டு, "பார்த்தீர்களா, நிலையில்லாத வேலை என்று அன்று சொன்னது சரிதானே" என்று நம் காதிலேயே ஒரு குரல் ஒலிக்கிறது. நிலையான ஆலைதானே மூடப்பட்டது? துணிக்கடைச் சிட்டை வேலை நிலையானதா? ஒருவன் கையில் கணக்கும் மொழியும், பிறர் தொழிலைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பழக்கமும் இருந்தால் ஒரு நிறுவனம் கைவிட்டாலும் இன்னொன்றைத் தேடலாம். நான்கு மாதப் பயிற்சியில் ஒரு கணிப்பொறி மொழியை மட்டும் மனப்பாடம் செய்தவன்தான் முதலில் விழுவான். தெருமுனைப் பயிற்சி நிலையங்களில் வேலை உறுதி என்று எழுதி வைத்து முப்பதாயிரம், நாற்பதாயிரம் வாங்குவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பெண்பிள்ளைகளின் பெற்றோர்க்கு ஒரு சொல். இரவு வேலை, சென்னை விடுதி என்று அஞ்சி, வந்த ஆணையைக் கிழித்த வீடுகள் இரண்டு நமக்குத் தெரியும். அஞ்சுவது தாய்மைக்கு இயல்பு. ஆனால் அதே பிள்ளையை இருபது வயதில் மணம் முடித்து முன்பின் அறியாத ஊருக்கு அனுப்ப நாம் அஞ்சுவதில்லையே!

இறுதியாக, சிலர்க்குக் கசக்கக்கூடிய ஒன்று. வெள்ளி விழா நிதியாகத் திரண்ட தொகையில் கல்யாண மண்டபம் கட்டுவது என்பது செயற்குழுவின் முன்னுள்ள கருத்து. ஊர் மண்டபங்களில் நமக்கு இடம் மறுக்கப்பட்ட நாள்களை நாம் மறந்துவிடவில்லை. நம் திருமணமே அடுத்த தெருக் கோயில் மேளம் நின்றபின்தான் நடந்தது. மண்டபம் வேண்டும் என்போரின் மனக்காயம் நமக்கும் உண்டு. ஆயினும் மண்டபம் ஐந்தாண்டு பொறுக்கும். இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை ஐந்தாண்டு பொறுத்தால் பள்ளியைத் தாண்டிவிடும், அறுபது விழுக்காடு இல்லாமலே. நிதியில் ஒரு பாதியையேனும் கழக அறையை மாலை வகுப்பாக மாற்றவும், பத்துக் கணிப்பொறி வாங்கவும், கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஊதியம் கொடுத்து ஆசிரியர் அமர்த்தவும் ஒதுக்குமாறு செயற்குழுவை இம்மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறோம். செயலாளர் அவர்கள் புன்னகை செய்கிறார். அது இசைவா மறுப்பா என்பது அடுத்த கூட்டத்தில் தெரியும்.

அதுவரை காத்திருக்கப்போவதில்லை. வருகிற திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குக் கழக அறையில் எட்டாம் வகுப்புக் கணக்கு தொடங்குகிறது. எட்டாம் வகுப்பு மாணவர்க்கு மட்டுமன்று. பட்டம் வாங்கியவரும் வெட்கப்படாமல் வரலாம். நாம் வரலாற்று ஆசிரியர் என்பதால் கணக்கு எடுக்க வேறொருவரை அழைத்திருக்கிறோம். துணிக்கடையில் சிட்டை எழுதும் நம் பழைய மாணவன், வாரம் மூன்று நாள் கடை முடிந்து வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். கழக அறையில் பன்னிரண்டு நாற்காலிகளே உள்ளன. பாய் கொண்டு வாருங்கள்.